வீட்டைச் சோதனை போட வந்தால்...

திண்டுக்கல்லில் 2023 டிசம்பர் 1-ந் தேதி லஞ்சப் புகாரில் அமலாக்கத் துறை அதிகாரி ஒருவர் கைதானார். லஞ்ச ஒழிப்புப் போலீஸார் மதுரையில் அவர் வேலை பார்த்த ஆபீஸையே சோதனை போட்டார்கள். ஆபீஸானாலும் வீடானாலும் சோதனைக்குச் சட்டம் உண்டு, சகோதரிகளே!

போலீஸ் வந்தால் பதறாமல், "வாரண்ட் இருக்கா சார்?" என்று கேளுங்கள். சம்மன் அனுப்பிக் கேட்டால் பொருளைக் கொடுக்கமாட்டார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால் கோர்ட் வாரண்ட் தரும். அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் இருக்கவேண்டும். இருந்தால் தடுக்காதீர்கள்.

அவசரமென்றால் வாரண்ட் இல்லாமலும் வரலாம். ஆனால் அதிகாரி காரணத்தை முதலிலேயே எழுதிவைத்து, 48 மணி நேரத்துக்குள் நகலை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியாகவேண்டும்.

எப்படி வந்தாலும் அக்கம்பக்கத்தில் மதிப்பாக வாழும் இருவரைச் சாட்சி வைக்கவேண்டும். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய சட்டப்படி வீடியோவும் எடுக்கவேண்டும். பெண்ணைச் சோதிப்பதாயிருந்தால் இன்னொரு பெண்தான், கண்ணியம் குறையாமல் சோதிக்கவேண்டும்.

எடுத்துப்போகும் சாமான்களுக்குப் பட்டியல் போட்டு, சாட்சிகள் கையெழுத்திட்ட நகலை உங்களிடம் தரவேண்டும். கேட்டு வாங்குங்கள். நகையோ, சீட்டுப் பணமோ, போனது இன்னதென்று நாளைக்குச் சொல்ல அந்தக் காகிதம்தான் ஆதாரம். ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்!