உயிரும் வாழ்வும்

நீரிழிவு முற்றிச் சிறுநீரகங்கள் செயலிழந்தோருக்கு, இரத்தத்தைக் கருவியால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் சிகிச்சையே உயிர்த்துணை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை சேர்ந்திருப்பதும், 2017-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டதும் ஏழைக் குடும்பங்களுக்கு ஆறுதலே.

ஆயினும், உயிர் நின்றால் மட்டும் போதுமா? வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, முறைக்குச் சுமார் 4 மணி நேரம் சிகிச்சை, போக்குவரத்து வேறு, பின்னர் களைப்பு. தறி நின்ற நாளில் நெசவாளிக்குக் கூலி ஏது? ஆலங்குடிப் பக்கத்துத் தென்னை விவசாயி தன் தோப்பு இளநீரையே தவிர்க்க வேண்டியவராகிறார். அதிலுள்ள பொட்டாசியம் உடலில் மிகுந்தால் இதயத்துடிப்பு கெடும். வெயிலில் நின்று வந்தாலும் அவருக்குத் தண்ணீர் அளந்துதான்.

இவர்களைப் பாரமென எண்ணாமல், சிகிச்சை நாட்களை அறிந்து பாவு வழங்கவும், துணி ஒப்படைக்கும் தவணையை நீட்டவும் நிர்வாகக் குழுவினர் முன்வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வயிற்றினுள் திரவம் செலுத்தி வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் முறையும் உண்டு. அதற்குரிய திரவப் பைகளை, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இல்லத்திலேயே சேர்க்கிறது. தமக்கு அது பொருந்துமா என்று மருத்துவரைக் கேட்டறிதல் நலம்.

வருமுன் காப்பது அதனினும் மேல். சிறுநீரகக் கோளாறு தொடக்கத்தில் வலி காட்டாது. ஆகவே நீரிழிவுள்ள அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறையேனும் சிறுநீரில் அல்புமினையும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சங்கத்தின் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறோம். உடலின் கணக்கை மட்டும் ஏன் தள்ளிப்போடுகிறோம்?