கரைசேராத ஆய்வு!

2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் இலங்கையை ஒட்டிய வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாயிற்று. மறுநாளே அது புயலாகிக் குமரிமுனைக்குத் தெற்கே சுழன்று அரபிக்கடலுள் புகுந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களினின்று பன்னாள் முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்க்கு அச்செய்தி எட்டவில்லை. அலைபேசி எட்டும் தொலைவு கரையினின்று பத்துப் பன்னிரண்டு கி.மீ. மட்டுமே, அவர்களோ அதற்கு நெடுந்தொலைவு அப்பால் வலைவிரித்திருந்தனர். குமரிக் கரையிலும் கேரளக் கரையிலுமாக நூற்றுக்கணக்கானோர் மீளவேயில்லை. அறிவியல் அறிந்திருந்ததைக் கடலோடி ஏன் அறியவில்லை?

ஆய்வாளர் உறங்கிக் கிடக்கவில்லை. அரபிக்கடல் சூடேறி வருவதை அவர்கள் அளந்துள்ளனர். 1982 முதல் 2000 வரையுள்ள காலத்தோடு ஒப்பிட, 2001 முதல் 2019 வரை அக்கடலில் புயல்களின் எண்ணிக்கை 52 விழுக்காடு மிகுந்ததென்றும், வங்கக்கடலில் 8 விழுக்காடு குறைந்ததென்றும் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனத்தார் 2021-இல் வெளியிட்டனர். கடல்நீர் சூடேறினால் புயலுக்கு இரை மிகுகின்றது; இரை மிகுந்த புயல் ஒரே நாளில் பேருருக்கொள்கின்றது. ஒக்கி அவ்வாறுதான் செய்தது. இதன் பொருள் யாது? புவி சூடேறச் சூடேற, கரைக்கு ஓடிவரக் கடலோடிக்குக் கிடைக்கும் காலம் சுருங்குகின்றது என்பதே. அச் சுருங்கிய காலத்துள் சொல் அவனுக்கு எட்டவேண்டும். எட்டிய சொல் விளங்கவும் வேண்டும்.

இங்கேதான் இடர்! வானிலை அறிக்கை தமிழில் வருவதில்லையா எனின், வருகின்றது. ஆனால் என்ன தமிழ்! 'தாழ்வு மண்டலம்' என்றால் மணிக்கு 31 முதல் 50 கி.மீ. வரை காற்று, 'ஆழ்ந்த தாழ்வு மண்டலம்' என்றால் 51 முதல் 62 வரை, 63-ஐத் தொட்டால் புயல். இவ்வரையறை வானிலையாளர் மேசையில் உள்ளது. வள்ளத்தில் இருப்பவனுக்கு யார் சொன்னார்? 'தாழ்வு' எனும் சொல் அழுத்தமானியின் நிலையைக் கூறுகின்றதேயன்றிக் கடலின் நிலையைக் கூறவில்லை. அலை எவ்வளவு எழும், காற்று எத்திசையினின்று திரும்பும், எத்துறை அண்மையது என்பனவே அவனுக்கு வேண்டுவன. தாழ்வு என்றால் தணிந்தது என்று எண்ணினும் பிழை அவனதன்று. ஆங்கிலச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தமிழெழுத்தில் வைத்துவிட்டால் அது தமிழாகிவிடுமா?

காற்றுக்குக் கொண்டல், வாடை, கச்சான் எனத் திசைதோறும் பெயரிட்டவர்கள், நீரோட்டத்தை நீவாடு என வழங்குபவர்கள் நம் கரைமக்கள். ஆய்வுக்கூடம் அச்சொற்களைத் தேடி வரவில்லை. தனித்தமிழன்பர்க்கும் இதில் பொறுப்புண்டு. அகரமுதலியில் புதுச்சொல் ஒன்றைப் புனைந்து வைத்துக் கடமை முடிந்ததென்று மகிழ்வோர், குமரிக் கரையில் அச்சொல் முன்பே உயிரோடு இருப்பதை அறியாதிருப்பதும் உண்டு.

'ஒக்கி' என்பது வங்காளதேசம் தந்த பெயர். கண் என்று பொருள். அந்நாட்டார்க்குப் புயலைப் பற்றிச் சொல்லும் தகுதி உண்டு. 1970 நவம்பரில் அங்கு அடித்த புயலில் மாண்டோர் மூன்று நூறாயிரத்துக்குக் குறையார். புயல் வருவதைச் செயற்கைக்கோள் கண்டிருந்தது. கண்டதைக் கழிமுகத் தீவுகளில் வாழ்ந்த ஏழைகட்கு உரியவாறு உணர்த்துவார்தாம் இல்லை. தொலைவிலிருந்து ஆண்ட மேலைப் பாக்கித்தான் அரசின் பாராமுகம் வங்காளியரின் சினத்தை மூட்டியதும், 1971-இல் அவர்கள் தனிநாடானதும் உலகறிந்தன.

1972-இல் அவர்கள் தொடங்கிய புயல்காப்புத் திட்டத்தில் இன்று ஏறத்தாழ 76,000 தொண்டர் உளர். அவருட் பாதியர் பெண்டிர். அறிக்கை வந்ததும் கொடி ஏற்றப்படுகின்றது: ஒன்று, இரண்டு, மூன்று எனக் கொடி கூடக்கூட இடர் கூடுகின்றது. ஒலிபெருக்கியோடு அவ்வூர்த் தொண்டரே தெருத்தெருவாக வங்கமொழியில் கூவிச் செல்கின்றனர். 1991-இல் ஏறத்தாழ 1,38,000 உயிர். 2007-இல் சிதர்ப் புயலில் ஏறத்தாழ 3,400. காப்பிடங்களும் கரையரண்களும் இதில் துணைநின்றன என்பது மெய்யே. எனினும், காப்பிடத்துக்கு ஓடு என்று நம்பத்தக்க ஒருவர் தாய்மொழியில் சொல்லாவிடின் காப்பிடம் வெறுங்கட்டடந்தானே!

ஒக்கிக்குப் பின் திருவனந்தபுரக் கரையில் மீனவரோடு ஒருங்கமர்ந்து முன்னறிவிப்பைச் செப்பஞ்செய்யும் ஆய்வொன்று நடந்தது. நடத்தியோருள் இங்கிலாந்தின் சசெக்சுப் பல்கலைக்கழகத்தார் முன்னின்றனர். வந்தவர்க்கு நன்றி; ஆனால் குமரிக்கு அண்மையிலுள்ள பல்கலைக்கழகங்கட்கு அக்கடல் அத்துணைத் தொலைவா? புயலைப் பற்றிய ஆய்வேடுகள் பட்டத்துக்கென ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பேழையில் அடுக்கப்படுகின்றன. ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் இருபது பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி, உரிய ஊர் மன்றத்தில் படித்துக்காட்டி, அவர்கள் மறுப்பையும் கேட்டு எழுதிய பின்னரே பட்டம் என்று ஒரு விதி செய்தால், எந்தக் கருவூலமும் வற்றிவிடாது.

அலைபேசி எட்டாத ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியாக முன்னறிவிப்பு வாங்கும் கருவி 2019-இல் வெளியிடப்பட்டது. நல்ல முயற்சி, பொறியாளரைப் பாராட்டலாம். அதன்வழி வரும் சொற்களை எழுதுமுன், தூத்தூர்க் கடலோடி ஒருவரையேனும் அழைத்துப் படிக்கச் செய்தனரா?