பெயர் சொன்ன பெண்

வாள் முறிந்துவிட்டது. எதிரே நான்கு கொள்ளையர்கள், கையில் மிச்சம் வெறும் பிடி. ‘பால்டர்ஸ் கேட்’ விளையாடிய பலருக்கும் இந்தத் தருணம் நினைவிருக்கும். கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் உருவாக்கி, 1998 டிசம்பரில் வெளிவந்த கணினி விளையாட்டு அது. அதில் சாதாரண இரும்பால் ஆன ஆயுதம் சண்டையின் நடுவே திடீரென்று உடைந்துபோகும். முதல் முறை உடைந்தபோது கேமில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

கதை போகப்போகத்தான் விஷயம் பிடிபட்டது. நாஷ்கெல் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் தாதுவை யாரோ மருந்து ஊற்றிக் கெடுக்கிறார்கள். நெடுஞ்சாலைகளில் வண்டிகளை மறிக்கும் கொள்ளையர்கள் குறிவைப்பது இரும்பை. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ‘அயர்ன் த்ரோன்’ என்ற வணிகர் கூட்டு இருக்கிறது. அடர்ந்த காட்டுக்குள் அடிமைகளை வைத்து ரகசியமாக ஒரு சுரங்கத்தை நடத்துகிறது. தட்டுப்பாட்டை உண்டாக்கி, பழியை வேறொரு கூட்டத்தின் மேல் போட்டு, அண்டை நாடான ஆம்னுடன் போர் வரப்போகிறது என்று ஊரைக் கிளப்பிவிடுகிறார்கள். அந்தப் போர்ப் பீதியின் தோளில் ஏறி நகரத்தின் ஆட்சிக் குழுவுக்குள் நுழையப் பார்க்கிறான் கதையின் வில்லன் சாரெவாக். பதுக்கல், கூலியில்லா உழைப்பு, திட்டமிட்ட வதந்தி, போரைக் காட்டிப் பதவி என்று எல்லாமே அதில் இருக்கிறது. இதைவிட அப்பட்டமாக அரசியல் பேசிய கேம் அந்தக் காலத்தில் அரிது.

அதே கேமுக்கு 2016 மார்ச் 31 அன்று ‘சீஜ் ஆஃப் டிராகன்ஸ்பியர்’ என்ற விரிவாக்கம் வந்தது. 2001இல் வந்த ‘த்ரோன் ஆஃப் பால்’ தொகுப்புக்கு 15 ஆண்டுகள் கழித்து, முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவில் விடுபட்ட கதையைச் சொல்ல வந்தது. செய்தவர்கள் பயோவேரின் நிறுவனர்களில் ஒருவரான ட்ரென்ட் ஆஸ்டர் தலைமையிலான பீம்டாக் என்ற சிறிய நிறுவனத்தினர். வெளியான சில நாட்களுக்குள் ஸ்டீம், மெட்டாக்ரிட்டிக் போன்ற தளங்களில் கண்டனங்கள் குவிந்தன. திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட புகார் ஒன்றுதான்: எங்கள் விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

எந்த அரசியல்?

ராணுவ முகாமில் ஒரு கூடாரம். அங்கே போர்க்கடவுள் டெம்பஸின் பூசாரியான மிஸெனா காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறாள். அவளிடம் பேசும்போது அவளுடைய பெயர் வித்தியாசமாக இருக்கிறதே என்று நாம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். கேட்டால் சொல்வாள். பிறந்தபோது பெற்றோர் ஆண் என்று நினைத்து அப்படியே வளர்த்தார்கள். காலப்போக்கில் தான் பெண் என்பது தனக்கும் வீட்டாருக்கும் புரிந்தது. பல மொழிகளின் அசைகளைக் கோத்துத் தனக்கான பெயரைத் தானே உருவாக்கிக்கொண்டாள். அவ்வளவுதான். பேச்சு முடிந்தால் நாம் மருந்து வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாம். சுமார் 25 மணி நேரம் ஓடும் விரிவாக்கத்தில் இந்த உரையாடல் ஒரு நிமிடம்கூட இருக்காது.

நம் ஊர் டீக்கடைகளில் ‘இங்கு அரசியல் பேசக்கூடாது’ என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அதே கடையின் பெஞ்சில் உட்கார்ந்து பால் விலை ஏறியதைப் பற்றி அரை மணி நேரம் பேசினாலும் கடைக்காரர் எதுவும் சொல்ல மாட்டார். எது அரசியல் என்பதைப் பேசுகிற விஷயத்தைவிட, அது யார் காதில் உறுத்துகிறது என்பதுதான் பல நேரம் தீர்மானிக்கிறது. இரும்புப் பதுக்கலும் போர்ப் பீதியும் ‘நல்ல கதை’ என்று ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஒரு திருநங்கை தன் பெயருக்கு விளக்கம் சொன்னது ‘அரசியல்’ ஆகிவிட்டது.

பாலின மாற்றம் அந்த உலகத்துக்குப் புதிதா என்றால் அதுவும் கிடையாது. முதல் பாகத்தின் தொடக்கத்திலேயே, ‘ஃப்ரெண்ட்லி ஆர்ம்’ விடுதிக்குப் பக்கத்தில் இடுப்புப் பட்டைகள் மேல் பித்துப் பிடித்த ஓர் அரக்கன் திரிவான். அவனைக் கொன்றால் கிடைக்கும் பட்டைகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டால் நம் பாத்திரம் ஆணாக இருந்தால் பெண்ணாகிவிடும், பெண்ணாக இருந்தால் ஆணாகிவிடும். சாபத்தை நீக்கும் மந்திரம் போட்டால்தான் பட்டை கழலும். இரண்டாம் பாகத்தில் எட்வின் என்ற மந்திரவாதி தன் பேராசையால் எட்வினாவாக மாறுவான். விளையாடியவர்கள் விழுந்து விழுந்து சிரித்த இடங்கள் இவை. சாபமாக, வேடிக்கையாக வந்தவரை யாருக்கும் அது உறுத்தவில்லை. ஒருத்தி தன் வாழ்க்கையாக, அமைதியாக, தலைநிமிர்ந்து சொன்னபோதுதான் உறுத்தியது. இந்த வேறுபாட்டைக் கவனித்துவிட்டால் அன்று எழுந்த கோபத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இந்தக் கேம் சார்ந்திருக்கும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு விதிப்புத்தகமே, பாத்திரத்தை ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடக்க வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தது. அப்படிப் பார்த்தால் பீம்டாக் எந்த விதியையும் மீறவில்லை.

நியாயமான குறைகள் எங்கே போயின?

அன்று குறை சொன்ன எல்லோரையும் ஒரே கூட்டத்தில் சேர்த்துவிடுவதை நான் ஏற்கவில்லை. மிஸெனா எழுதப்பட்ட விதத்தில் உண்மையிலேயே குறை இருக்கிறது. முகம் தெரியாத ஒரு வழிப்போக்கன் பெயரைக் கேட்டதும் தன் வாழ்வின் மிக அந்தரங்கமான பகுதியை ஒரு மூச்சில் ஒப்பிப்பவளாக அவளை நிறுத்திவிட்டார்கள். அவளுக்குச் சண்டை இல்லை, பயணம் இல்லை, நம்மிடம் கேட்பதற்கு ஓர் உதவிகூட இல்லை. போர்க்கடவுளின் பூசாரியாக அவள் என்னென்ன பார்த்திருப்பாள்! அதில் ஒன்றையும் சொல்லாமல் இதை மட்டும் சொல்லவைத்தது எழுத்தின் தோல்வி. அவளுக்கு இன்னும் நிறைய இடம் தந்திருக்க வேண்டும் என்பதே என் புகார். அவளுக்கு அங்கே இடமே கூடாது என்றவர்களின் புகார் முற்றிலும் வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததால் முதல் புகாரைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லாமல் போனது.

மற்ற குறைகளுக்கும் இதே கதிதான். பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயரில் கோளாறுகள் இருந்தன. ஆண்டுக்கணக்கில் ரசிகர்கள் உருவாக்கி வைத்திருந்த மோட்கள் (கேமை மாற்றியமைக்கும் சேர்க்கைகள்) புதிய பதிப்போடு ஒத்துப்போகவில்லை. திரை வடிவமைப்பை மாற்றியது பழைய கைகளுக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்களின் நியாயமான முறையீடுகள் இவை. கேமை ஐந்து நிமிடம்கூட ஆடாமல் எழுதப்பட்ட வசைகளுக்கு நடுவே அவை புதைந்துபோயின.

இன்னொரு சிக்கலை பீம்டாக்கே தேடிக்கொண்டது. மின்ஸ்க் என்றொரு பாத்திரம். ‘பூ’ என்ற வெள்ளெலியைத் தோளில் சுமந்து திரியும், குழந்தை மனம் கொண்ட போர்வீரன். இந்தத் தொடரிலேயே ரசிகர்கள் அதிகம் நேசித்தவன். மவுஸால் அவனைத் தொட்டால் அவன் சொல்லும் வசனங்களில் ஒன்றாக, 2014இல் வெடித்த கேமர்கேட் கும்பலின் புகழ்பெற்ற முழக்கத்தைக் கிண்டல் செய்யும் வரியைச் செருகியிருந்தார்கள். பெண் எழுத்தாளர்களையும் கேம் படைப்பாளிகளையும் வேட்டையாடிய அந்தக் கும்பல் கண்டிக்கத்தக்கது; அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனாலும் அந்த வரி மின்ஸ்க்கின் வாயில் ஒட்டவில்லை. அவன் வாயைக் கடன் வாங்கி அலுவலகத்தில் யாரோ பேசியது போல ஒலித்தது. அதை நீக்கியது சரியான முடிவு. மிஸெனாவின் பகுதியை விரிவாக்குவோம் என்று ஆஸ்டர் அறிவித்ததும் சரியான திசைதான். ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில் அறிவித்ததால், அவளும் ஏதோ திருத்தப்பட வேண்டிய பிழை என்பது போல ஆகிவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

இதில் அதிக விலை கொடுத்தவர் எழுத்தாளர் ஆம்பர் ஸ்காட். முதல் பாகத்துப் பெண் பாத்திரங்கள் சிலவற்றில் ஆணாதிக்கப் பார்வை இருந்தது, சஃபானாவைக் கவர்ச்சிப் பொருளாகவும் ஜஹீராவைக் கணவனை நச்சரிப்பவளாகவும் ஆக்கியிருந்தார்கள், அதைத் திருத்த முயன்றேன் என்று அவர் ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். ஜஹீராவைப் பற்றிய கணிப்பில் எனக்கு உடன்பாடில்லை. அவளுடைய கண்டிப்புக்குப் பின்னால் பெரிய பொறுப்பு இருப்பதாகவே நான் வாசித்தேன். இது ஒரு நல்ல விவாதமாக வளர்ந்திருக்கலாம். ஆனால் அவருக்கு மறுமொழியாக வந்ததோ வசையும் மிரட்டலும்.

பேசாமல் விட்ட அரசியல்

இத்தனை கூச்சலில் யாரும் பேசாமல் விட்டது எதுவென்று பார்த்தால் மனம் ஆறவில்லை. ‘டிராகன்ஸ்பியர்’ கதையின் மையமே அரசியல்தான். கேலர் ஆர்ஜென்ட் என்ற பெண் வடக்கில் ஒரு புனிதப் போரைத் தொடங்குகிறாள். முன்பு நடந்த டிராகன்ஸ்பியர் போரில் அவெர்னஸ் என்ற நரகத்துக்குள் இழுக்கப்பட்டவர்களின் ஆன்மாக்களை மீட்டுவருவேன் என்கிறாள். செத்துப்போன அப்பனும் அண்ணனும் அங்கே தவிக்கிறார்கள் என்று நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் அவள் பின்னால் போகிறார்கள். அந்தப் படை போகிற வழியெல்லாம் தானியத்தைப் பறிக்கிறது. ஊர்கள் காலியாகின்றன. அகதிகள் தெற்கே பால்டர்ஸ் கேட் நகரத் தெருக்களில் வந்து குவிகிறார்கள்.

உண்மையில் கேலர் மீட்க நினைப்பது ஒரே ஓர் ஆன்மாவை. சிறு வயதில் அவள் செய்த தவறுக்காகத் தன்னையே நரகத்துக்கு ஈடாகக் கொடுத்த அவளுடைய மாமா ‘ஆன்’ என்பவருடையது அது. அந்தத் தனிப்பட்ட கடனை ஊரார் துக்கத்தால் மூடி, ஒரு படையையே திரட்டிவிடுகிறாள். அவளுக்கு ஆலோசனை சொல்லும் ஹெஃபர்னானோ நரகத்தின் கையாள். தலைவியின் உண்மையான துயரமும், அதை நம்பியவர்களின் உண்மையான துயரமும், இரண்டையும் வைத்துக் காரியம் சாதிப்பவனின் சூழ்ச்சியும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. சிரியாவிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஐரோப்பாவின் எல்லைகளில் வந்து நின்ற 2015க்கு அடுத்த ஆண்டு வெளிவந்த கதை இது. ஒரு நகரம் அகதிகளை எப்படி நடத்த வேண்டும், புனிதமான காரணம் சொல்லிப் பறிக்கப்படும் தானியத்துக்கு யார் பொறுப்பு என்றெல்லாம் கேமை ஆடியவர்கள் விடிய விடிய வாதாடியிருக்க வேண்டிய கதை. அந்த வாதம் பெரிதாக எழவே இல்லை. ஒரு பெயருக்காகச் சண்டை போட்டதில் எல்லோர் சக்தியும் தீர்ந்துவிட்டது.

கடைசி அத்தியாயத்தில், நகரத்தைக் காத்த நாயகன் மீதே பிரபு சில்வர்ஷீல்டின் மகள் ஸ்கையைக் கொன்றதாகப் பழி விழுகிறது. நேற்றுவரை பூத்தூவி வாழ்த்திய தெரு இன்று தூற்றுகிறது. விசாரணை, சிறை, பிறகு சாக்கடை வழியே ஊரை விட்டு ஓட்டம். இந்த முடிவு பிடிக்கவில்லை, நாம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இங்கேதான் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்று பலர் குறைப்பட்டார்கள். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தோடு இணைக்க வேண்டிய கட்டாயம் அது. ஆனாலும், மகளின் உடலுக்கு முன்னால் நின்று ஒரு தகப்பன் நம்மைச் சபிக்கும்போது பதில் சொல்ல வாய் வராமல் நின்ற அந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்த விரிவாக்கத்தை நான் மதிக்கிறேன்.

2023 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’, ஆட்டம் தொடங்கும்போதே உடலமைப்பு, குரல், பாலின விளிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கவிட்டது. எதிர்ப்பு எழாமலில்லை, ஆனால் அது கேமை முடக்கவில்லை. அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதையும் பெற்றது. அதன் முதல் அத்தியாயத்திலும் அகதிகள் வருகிறார்கள். எல்டுரெல் நகரம் அவெர்னஸுக்குள் விழுந்து மீண்ட பிறகு, கொம்பு முளைத்த டீஃப்ளிங் இனத்தவர்மேல் பழி போட்டு ஊரை விட்டு விரட்டிவிடுகிறார்கள். ஒரு சோலையில் ஒதுங்கியவர்களை அங்கிருந்தும் வெளியேற்றப் பார்க்கிறாள், அந்தச் சோலையை நடத்தும் காஹா. சிலையைத் திருடிய குற்றத்துக்காக அராபெல்லா என்ற சிறுமியைப் பிடித்து, பாம்பைக் காவல் வைத்திருக்கிறாள். நாம் பேசி அவளை மீட்கப் பார்க்கலாம். இருபது முகப் பகடை உருளும். விழுகிற எண் போதவில்லை என்றால் பாம்பு தீண்டிவிடும். கேமை ஆடியவர்கள் அந்தச் சோலையைப் பற்றி மாதக்கணக்கில் வாதாடினார்கள். அகதிக்கு ஒரு பெயரும் வயதும் கொடுத்து, அவள் உயிரை நம் கையில் வைத்ததால் வந்த வாதம் அது. ‘டிராகன்ஸ்பியர்’ அகதிகள் பெரும்பாலும் கூட்டமாகவே நின்றுவிட்டார்கள்.

அதே கேமில் நாக்டர்ன் என்ற டீஃப்ளிங் பெண் வருகிறாள். அவள் திருநங்கை என்பதைப் பழைய குறிப்புகளைத் தேடிப் படிப்பவர்கள் அறிந்துகொள்வார்கள். நம்முடன் வரும் ஷேடோஹார்ட்டுக்கு அவள் இளமைக்காலத் தோழி. நினைவுகளைப் பறிகொடுத்தவளுக்கு, அவளை முன்பே அறிந்த ஒருத்தி. கதைக்கு அவள் தேவைப்படுகிறாள். மிஸெனாவுக்கும் இப்படி ஓர் உறவைக் கொடுத்திருக்கலாம் என்று அந்தக் காட்சியைக் கடக்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்வேன்.

சென்ற மாதம் ‘டிராகன்ஸ்பியர்’ கேமை மறுபடி ஆடினேன். முகாமுக்கு வந்து சேர்ந்தபோது என் படையில் பாதிப் பேர் குற்றுயிராகக் கிடந்தார்கள். மிஸெனாவின் கூடாரத்துக்குப் போனேன். பெயரைக் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. காசை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் குணமாக்கி அனுப்பினாள்.