புதின் வந்தார், போனார்... மங்கோலியா ஏன் கைது செய்யல?

2024 செப்டம்பர் 3. உலான்பாத்தரில் ரஷ்ய அதிபர் புதினுக்கு அணிவகுப்பு மரியாதை. சட்டப்படி பார்த்தா அன்னைக்கே கைது செஞ்சிருக்கணும். உக்ரைன் குழந்தைகளைச் சட்டவிரோதமாகக் கொண்டுபோன புகாரில், 2023 மார்ச்சிலேயே சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் அவருக்குப் பிடிவாரண்ட் போட்டுவிட்டது. மங்கோலியா அதன் உறுப்பு நாடு. அந்த நீதிமன்ற நீதிபதிகளில் ஒருவரே மங்கோலியர்தான்!

அப்புறம் என்ன தயக்கம்? வரைபடத்தைப் பாருங்க: வடக்கே ரஷ்யா, தெற்கே சீனா, கடல் வழியே கிடையாது. பெட்ரோலியப் பொருட்களில் 95 சதவிகிதமும், மின்சாரத்தில் 20 சதவிகிதத்துக்கு மேலும் அண்டை நாடுகளில் இருந்துதான் வருது என்றது மங்கோலிய அரசு. மைனஸ் 30 டிகிரிக்குப் போகும் குளிரில் டீசல் நின்றுபோனால், எந்த ஆட்சியும் தாங்காது.

மங்கோலியா கடமை தவறியதாக அக்டோபரில் நீதிமன்றம் அறிவித்து, விவகாரத்தை உறுப்பு நாடுகளின் பேரவைக்கு அனுப்பியது. சொந்தமா போலீஸ் இல்லாத நீதிமன்றத்தால் அதுக்கு மேல் போக முடியல.