ஒற்றைக் கொம்பும் ஆண்டுச் சந்தாவும்

என் மகளுக்கு ஏழு வயது. வாசிக்க வரவில்லை. 'பெட்டி' என்று எழுதிக் காட்டினால் ஒரு நிமிஷம் முழிப்பாள். பிறகு மேலே உள்ள படத்தைப் பார்த்துவிட்டு 'டப்பா' என்பாள். பள்ளியிலிருந்து நிறுத்தி, சங்கரன்கோவில் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. முதல் ஆறு மாதத்தில் மூன்று வாசிப்புத் திட்டங்களை வாங்கினேன். மூன்றும் ஆங்கிலம். மூன்றுக்கும் ஆண்டுச் சந்தா. ஆறு மாத முடிவில் அவள் சொன்னது: "எனக்கு மண்டையில ஒண்ணும் இல்லப்பா."

அந்த வாக்கியத்தை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன். முதல் அடி எனக்கே விழட்டும்.

எதற்கும் ஒரு ஆப் இருக்கும் என்று நம்புகிற கூட்டம் நாம். வீட்டில் தமிழ் பேசி, தமிழில் சண்டை போட்டு, தமிழில் கனவு காண்கிற பிள்ளைக்கு முதல் வாசிப்பை ஆங்கிலத்தில் ஏன் தொடங்கினேன்? கேட்டால் 'ஃபோனிக்ஸ் அறிவியல்பூர்வமானது' என்று சொல்லியிருப்பேன். அது உண்மையும்கூட. 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, ஒலிக்கும் எழுத்துக்குமான உறவை வரிசையாக, வெளிப்படையாகச் சொல்லிக்கொடுப்பது பலன் தரும் என்றது. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்க விடுவது எவ்வளவு கேடு என்று அங்கே இன்னமும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கொள்கையை. நாம் அதை விட்டுவிட்டுப் பொட்டலத்தை இறக்குமதி செய்கிறோம்.

சரி, தமிழில் என்ன செய்கிறோம்? 247 எழுத்து அச்சடித்த அட்டையைச் சுவரில் மாட்டுகிறோம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம். எஞ்சினியர் கண்ணுக்கு அது அழகான அட்டவணை. பிள்ளைக்கு அப்படித் தெரியாது. கு, சு, து, மு நான்கையும் எழுதிப் பாருங்கள். ஒரே உகரம், நான்கு வளைவு. 'பெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் ஒரே உயிர் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். யூனிகோடில் 'பெ' என்பது முதலில் ப, அடுத்து ஒற்றைக் கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது, அதாவது ஒலிக்கிற வரிசையில். திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு நிரல் வேண்டியிருக்கிறது. அந்த விதியை யாரோ உட்கார்ந்து எழுதினார்கள். கம்ப்யூட்டருக்கே எழுதிக் கொடுத்த விதியைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறோம். கண்டுபிடிக்காவிட்டால் மக்கு என்கிறோம்.

'விடுங்க, நேரம் வந்தா தானா வாசிக்கும்' என்கிற வீட்டுக்கல்வி நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜான் ஹோல்ட்டை நானும் படித்தேன். சில பிள்ளைகளுக்கு அப்படி வருகிறது, சரி. ஆனால் பேச்சு தானாக வருவதுபோல எழுத்து எல்லாருக்கும் வராது. தடுமாறுகிற பிள்ளையைக் காத்திருக்க வைத்தால், அது காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. டிஸ்லெக்சியாவாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் சோதித்துவிடுங்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே பட்டியலில் சேர்த்திருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது. எங்க ஊரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. நாங்களும் போகப்போகிறோம். அதுவரை சும்மா இருக்க முடியுமா?

எனக்கு வழி காட்டியது பக்கத்து வீட்டுச் சிறுமியின் அரசுப் பள்ளிப் பயிற்சி நூல். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. எந்த வகுப்பில் இருக்கிறாய் என்று கேட்காமல் எந்த நிலையில் இருக்கிறாய் என்று கேட்கிறது. குறை உண்டு. மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றிக்கொண்டே இருந்தால் எப்போது பாடம் நடத்துவது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். ஆனாலும் என் மூன்று சந்தாக்களும் கேட்காத கேள்வியை அது கேட்டது. இத்தனை நாள் அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. காரணம் வெட்கக்கேடானது: அது இலவசம்.

இப்போது தாம்பாளத்தில் மணல். எங்க ஆச்சி காலத்துத் திண்ணைப் பள்ளிச் சமாச்சாரம். விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ட, ப, ம மூன்றில் ஆரம்பித்தோம். மூன்று எழுத்திலேயே படம், மடம், பட்டம் வந்துவிட்டன. அப்புறம் துணைக்கால். அப்புறம் ஒற்றைக் கொம்பு. பக்கத்தில் படம் கிடையாது, ஊகமும் கிடையாது. தினம் இருபது நிமிஷம், நான் கூட உட்கார வேண்டும். அதுதான் கஷ்டமான பகுதி. சந்தா கட்டியதே அதைத் தவிர்க்கத்தான்.

கொம்பு விதியைச் சொன்ன அன்று கேட்டாள்: "முன்னாடி நின்னுட்டுப் பின்னாடி சத்தம் போடுதா? அப்போ அது ஏமாத்துதாப்பா?"

"ஆமா. ஆனா எப்பவும் ஒரே மாதிரிதான் ஏமாத்தும்" என்றேன்.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஒரு வரிக்கு மூன்று இடத்தில் நிற்கிறாள். 'து'வும் 'நு'வும் இன்னும் குழப்பம்தான். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பலகையைப் பார்த்து, யாரும் கேட்காமலே, "தெ... ன்... கா... சி" என்றாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது. நாங்கள் ஏற வேண்டிய பஸ் அதுதான். அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம்.

வாசிப்புத் திட்டம் வாங்கப்போகிறவர்கள் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். என் பிள்ளை பேசுகிற மொழியில் இருக்கிறதா? ஒற்றைக் கொம்பை எத்தனையாவது பாடத்தில், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? பதில் வராவிட்டால் காசைப் பையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் மணல் அள்ளி வாருங்கள்.