ஆறாவது நிமிஷம்

கல்லூரிப் பிள்ளைகள் கைப்பேசியே கதியென்று கிடக்கிறார்கள் என அங்கலாய்ப்பது நம் பெரியவர்களுக்கு வெற்றிலை போடுகிற மாதிரி ஆகிவிட்டது. "மனத்திடம் இல்லாத பிள்ளைகள்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். தீர்ப்புத் தவறு என்பது என் கட்சி.

சென்ற மாதம் குறுக்குத்துறைப் படித்துறையில் ஒரு மாணவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தாமிரபரணியைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டான். அதற்கப்புறம் ஆற்றை அவன் பார்க்கவே இல்லை. கைப்பேசியைப் பையில் வைப்பான், எடுப்பான், மறுபடியும் வைப்பான்.

"என்னத்தைத் தேடுதே தம்பி?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. யாராவது லைக் போட்டிருக்காவளான்னு பாக்கேன்."

அந்த 'யாராவது' என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் புறாக்களை வைத்துப் பரிசோதனை செய்தார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் பழகிய புறாவோ நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். இந்த ஆராய்ச்சிகள் 1957-லேயே புத்தகமாக வந்துவிட்டன. ஃபேஸ்புக்கில் 'லைக்' பொத்தான் வந்தது 2009-ல். மனித மனத்தின் பலவீனத்தைத் தெரிந்தேதான் பயன்படுத்தினோம் என்று அந்தக் கம்பெனியின் முதல் தலைவர் ஷான் பார்க்கரே 2017-ல் ஒப்புக்கொண்டார்.

ஆக, பையனின் மனத்திடத்துக்கு எதிரே நிற்பது வெறும் கண்ணாடித் துண்டு அல்ல. சம்பளம் கொடுத்து அமர்த்திய பெரிய பெரிய மூளைகள்! லாட்டரிச் சீட்டு குடியைக் கெடுக்கிறது என்று 2003-ல் தமிழ்நாட்டு அரசு அதைத் தடை செய்தது. சீட்டு வாங்கிய ஏழைக்குப் புத்திமதி சொல்வதோடு நிற்கவில்லை, விற்பனையையே நிறுத்தியது. இன்றைய பரிசு பணமல்ல, பாராட்டு என்பதற்காக நியாயம் மாறிவிடுமா?

நம் மீதும் குற்றம் உண்டு. மார்க்கு எத்தனை என்று கேட்கத் தெரிந்த நமக்கு, 'நன்றாயிருக்கிறது' என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வருவதில்லை. பாராட்டுக்குப் பசித்த பிள்ளைதான் அந்தப் புறாவாகிறது.

அவனிடம் படத்தைக் காட்டச் சொன்னேன். கல்மண்டபத்தின் நிழல் தண்ணீரில் அழகாக விழுந்திருந்தது. "நல்லா இருக்குப்பா" என்றேன். சிரித்தான். கைப்பேசி பைக்குள் போயிற்று. ஐந்து நிமிஷம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

ஆறாவது நிமிஷம் கை மறுபடியும் பைக்குள் போயிற்று.

அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுப்பது நம் கடமை. ஆறாவது நிமிஷத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அந்தப் பையன் அல்ல. அதை விலைக்கு விற்கிறவன்.