காயம்பட்ட கைக்கு ராஜினாமா கடிதமா?

பெங்களூர் பீனியாவிலும் பொம்மசந்திராவிலும் பிரஸ், லேத், கிரைண்டிங் பட்டறைகளில் உழைத்துத் தேய்ந்தவர்களில் தமிழர்களும் கணிசமானவர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் பக்கங்களிலிருந்து இளமையில் வந்தவர்கள் பலர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். இந்த வயதில் மெஷினில் விரல்களை இழந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் தொழிலாளியிடம் சில நிர்வாகங்கள் ஒரு காகிதத்தை நீட்டுகின்றன. "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்னும் ராஜினாமா கடிதம் அது. கணக்குத் தீர்த்துக் கைக்கு வரும் தொகையை நம்பி அவரும் கையெழுத்திட்டு விடுகிறார்.

அந்தக் கையெழுத்தின் விலை அவருக்குத் தெரிவதில்லை. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவருக்கு வேலையின்போது ஏற்பட்ட காயம் ஆறும்வரை கூலியில் 90 சதவீதம் உண்டு. நிரந்தர ஊனமென்றால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை மருத்துவக் குழு கணக்கிட, அந்த விகிதப்படி ஆயுள் முழுவதும் உதவித்தொகை வரும். ஆனால் விபத்து முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். பதிவின்றி, சொந்தக் காரணம் என்று எழுதிக்கொடுத்து வெளியேறியவர் தமது உரிமையை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அலைய நேரிடுகிறது.

ஓய்வூதியத்திலும் இதே அவலம்தான். பிராவிடண்ட் பண்டு ஓய்வூதியத் திட்டத்தில் முழு ஓய்வூதியத்துக்குரிய வயது 58. ஐம்பதுக்குப் பின் முன்னதாக வாங்கினால், குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் பிடித்தம். நிரந்தரமாக, முற்றிலும் ஊனமுற்றவருக்குத் தனி ஓய்வூதியம் இருக்கிறது. மூன்று விரல்களை இழந்த 52 வயது ஆபரேட்டர் அந்த வரம்புக்குள் வருவதில்லை. வேலை செய்ய முடியாதவர் என்று சட்டம் அவரை ஒப்புவதில்லை. வேலை தர எந்தப் பட்டறையும் தயாராக இல்லை. இடையில் அகப்பட்ட அவர் ஆயுள் முழுதும் குறைந்த ஓய்வூதியத்தில் காலம் தள்ள வேண்டும்.

இதற்கு வழி நமது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனங்கள் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. பழைய வேலைக்குத் தகுதியில்லையெனில், அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அரசு ஊழியருக்கு நியாயமானது, தனியார் ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் அநியாயமாகிவிடுமா? குறைந்தபட்சம் பெரிய ஆலைகளுக்கேனும் இவ்விதியை விரிவுபடுத்துவது அவசியம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை செய்தாக வேண்டும். இது வரவேற்கத்தக்கது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட கோலார் தங்க வயலின் தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் அருமை நன்கு தெரியும். கல் தூசியால் வரும் சிலிகோசிஸ், வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். அப்போது கையில் பரிசோதனைச் சான்று இல்லாதவரின் முறையீடு எடுபடாது. எனவே பரிசோதனை முடிவின் நகல் தொழிலாளி கையில் தரப்படுவதை இன்ஸ்பெக்டர்கள் உறுதி செய்ய வேண்டும்.

மருத்துவக் குழுவின் தீர்ப்பு வரும்வரை, காயம்பட்டவரின் ராஜினாமா செல்லாது என்று அரசு விதி செய்ய வேண்டும். காயத்தால் வேலையிழந்தவருக்கு ஓய்வூதியத்தில் 4 சதவீதப் பிடித்தம் கூடாது. தொழிற்சங்கங்களும் போனஸ் பேச்சுக்குக் காட்டும் ஊக்கத்தை இதிலும் காட்டட்டும். அதுவரை தொழிலாளர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: விபத்து பதிவாகாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.